அக்யூரசி வேறு, பிரிசிஷன் வேறு: ‘துல்லியம்’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள்

200 கிராம் எடைக்கல் ஒன்றை மூன்று மின்னணுத் தராசுகளில் ஐந்தைந்து முறை வைத்து எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எடைக்கல் சரியானது, அதில் சந்தேகம் வேண்டாம். தராசுகள் காட்டியவை இவை:

முதல் தராசு: 200.1, 199.9, 200.0, 200.1, 199.9
இரண்டாவது தராசு: 206.1, 206.0, 206.1, 205.9, 205.9
மூன்றாவது தராசு: 192, 207, 198, 211, 192

எது துல்லியமான தராசு? முதலாவது என்பதில் தகராறு இல்லை. அடுத்த இடம் எதற்கு என்று கேட்டால்தான் சிக்கல். இரண்டாவது தராசு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்கிறது, ஆனால் சொல்வது தவறு. மூன்றாவது ஆளுக்கொரு திசையில் ஓடுகிறது, ஆனால் ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் சரியாக 200 வருகிறது. இரண்டின் குறையும் ஒரே வகையல்ல. தமிழில் இரண்டையும் ‘துல்லியமில்லை’ என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இதற்குத் தனித்தனியே இரண்டு சொற்கள் இருக்கின்றன. உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பது அக்யூரசி. திரும்பத் திரும்ப அளந்தால் விடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கி வருகின்றன என்பது பிரிசிஷன்.

பிழையின் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் எளிது. இரண்டாவது தராசின் நோய் சாய்வு: எல்லா விடையும் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளிப்போகிறது. மூன்றாவது தராசின் நோய் சிதறல். சாய்வு அக்யூரசியைக் கெடுக்கும். சிதறல் பிரிசிஷனைக் கெடுக்கும். இந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் பிடித்துக்கொண்டால் மற்றவை தானே விளங்கும்.

சிதறலை எண்ணாகச் சொல்லத் திட்ட விலக்கம் உதவும். இரண்டாவது தராசை எடுத்துக்கொள்வோம். சராசரி 206.0. ஒவ்வொரு விடையும் சராசரியிலிருந்து விலகும் அளவு: 0.1, 0, 0.1, -0.1, -0.1. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 0.04. அளவீடுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அதாவது 4-ஆல் வகுத்தால் 0.01. வர்க்கமூலம் 0.1 கிராம். மூன்றாவது தராசுக்கு இதே கணக்கைப் போட்டால் வர்க்கங்களின் கூட்டல் 302, திட்ட விலக்கம் சுமார் 8.7 கிராம். இப்போது முதல் தராசுக்கும் போட்டுப் பாருங்கள். அதற்கும் 0.1 கிராம்தான் வரும். நல்ல தராசும் 6 கிராம் கூட்டிச் சொல்லும் தராசும் பிரிசிஷனில் சரிசமம்.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. 0.1 என்ற அந்த எண்ணைக் கண்டுபிடிக்க எடைக்கல்லின் உண்மையான எடை நமக்குத் தேவைப்படவே இல்லை. தராசு தந்த ஐந்து எண்களே போதுமாக இருந்தன. ஆனால் 6 கிராம் சாய்வைக் கண்டுபிடிக்க, ‘இது 200 கிராம்’ என்று வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டியிருந்தது. பிரிசிஷனை உங்கள் அளவீடுகளே சொல்லிவிடும். அக்யூரசியை அவை ஒருநாளும் சொல்லாது.

இந்த இரு சொற்களை விளக்கும்போது வழக்கமாக அம்பெய்யும் பலகையைத்தான் காட்டுவார்கள்: அம்புகள் நடுப்புள்ளியில் விழுந்தால் அக்யூரசி, ஒரே இடத்தில் குவிந்தால் பிரிசிஷன். படம் அழகானதுதான், ஆனால் ஒரு பெரிய உண்மையை அது மறைத்துவிடுகிறது. அளவெடுப்பவர் முன்னால் நடுப்புள்ளி வரைந்த பலகை இருப்பதில்லை. வெறும் சுவரில்தான் எய்கிறோம். அம்புகள் குவிந்திருக்கின்றனவா என்பது தெரியும். எங்கே குவிந்திருக்க வேண்டும் என்பது தெரியாது. குவிந்திருப்பதைப் பார்த்தவுடன் ‘சரியாக எய்துவிட்டோம்’ என்று மனம் நம்பிவிடுகிறது. பெரிய தவறுகள் நடப்பது அப்போதுதான்.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1990 ஏப்ரலில் ஏவப்பட்டது. அதன் முதன்மைக் கண்ணாடி 2.4 மீட்டர் விட்டம் கொண்டது. மெருகேற்றியவர்கள் தங்களுக்குக் காட்டப்பட்ட வளைவிலிருந்து சுமார் 10 நானோமீட்டருக்கு மேல் பிசகவில்லை. ஆனால் காட்டப்பட்ட வளைவே தவறு. கண்ணாடியைச் சோதித்த ஒளியியல் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. விளைவாகக் கண்ணாடியின் விளிம்பு வேண்டியதைவிட சுமார் 2.2 மைக்ரோமீட்டர் தட்டையானது. தலைமுடியின் தடிமனில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கே ஆன இந்தப் பிழையால் விண்மீன்களின் படங்கள் மங்கின. இன்னும் கவனிக்க வேண்டியது: வேறு இரண்டு எளிய சோதனைக் கருவிகள் இந்தப் பிழையை ஏவுவதற்கு முன்பே காட்டியிருந்தன. முதன்மைக் கருவியைவிட அவை நுட்பம் குறைந்தவை என்பதால் அவற்றின் சாட்சியம் ஒதுக்கப்பட்டது. பிரிசிஷன் கூடிய கருவி சொல்வதுதான் உண்மை என்ற நம்பிக்கை அங்கே தோற்றது.

அதே கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. கண்ணாடி தவறாக இருந்தாலும் அந்தத் தவறு ஒழுங்கானது. எவ்வளவு, எந்த வடிவில் என்று கணக்கிட முடிந்தது. அதற்கு நேர் எதிரான திருத்தத்தை ஒளியியல் பாகங்களில் செய்து 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் பொருத்தினார்கள், படங்கள் தெளிந்தன. நம் இரண்டாவது தராசும் இப்படித்தான். அது 6 கிராம் கூட்டிச் சொல்கிறது என்று தெரிந்துவிட்டால் கழித்துக்கொள்ளலாம். மூன்றாவது தராசு காட்டும் ஒற்றை எண்ணில் எதைக் கழிப்பது?

கழிக்கும் முன் ஒரு சோதனை தேவை. 200-இல் 6 கிராம் கூடியது என்றால், 400-இல் எவ்வளவு கூடும்? 406 காட்டினால் அது சுழிப் பிழை. காலித் தராசே 6 என்று காட்டிக்கொண்டிருக்கும், சுழியாக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். 412 காட்டினால் அது விகிதப் பிழை. 3 சதவீதம் கூடுகிறது, எடை ஏற ஏறப் பிழையும் ஏறும். ஒரே ஒரு எடைக்கல்லை வைத்து ‘6 கழித்தால் சரி’ என்று முடிவு கட்டுவது பலரும் செய்யும் தவறு. குறைந்தது இரண்டு எடைகளிலாவது பார்க்க வேண்டும்; காலித் தட்டையும் சேர்த்து மூன்று இடம் பார்த்தால் நல்லது.

மூன்றாவது தராசுக்கு மருந்து சராசரி. பலமுறை அளந்து சராசரி எடுத்தால் சிதறல் குறையும். ஆனால் அளந்த எண்ணிக்கைக்கு நேராக அல்ல, அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான். 25 முறை அளந்தால் 8.7 கிராம் என்பது சராசரியில் சுமார் 1.7 ஆகும். 100 முறை அளந்தால் சுமார் 0.9. உழைப்பு நான்கு மடங்கு, பலன் இரண்டு மடங்கு. இரண்டாவது தராசில் நூறு முறை அளந்தாலும் சராசரி 206-தான். சாய்வைச் சராசரி தொடவே தொடாது.

இதற்குப் பெரிய சாட்சி 2011-இல் கிடைத்தது. செர்ன் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தள்ளியுள்ள இத்தாலியின் கிரான் சாஸோ சுரங்க ஆய்வகத்துக்கு வந்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள், ஒளியைவிடச் சுமார் 60 நானோவினாடி முந்தி வந்ததாக ஓபரா ஆய்வுக் குழு அறிவித்தது. 15,000-க்கும் மேற்பட்ட நிகழ்வுகளின் கணக்கு அது. சிதறலால் வரும் பிழை 7 நானோவினாடி அளவுக்குத்தான் இருந்தது. பிரிசிஷனில் குறை சொல்ல இடமில்லை. அடுத்த ஆண்டு காரணம் தெரிந்தது: நேரம் கடத்தும் ஒளியிழைக் கம்பி ஒன்று சரியாகச் சொருகப்படவில்லை, கடிகாரம் ஒன்றிலும் பிசகு இருந்தது. இன்னும் லட்சம் நிகழ்வுகளைச் சேர்த்திருந்தாலும் அந்த 60 மறைந்திருக்காது.

<b>இரண்டு வரையறைகள், ஒரே சொல்</b>

இனி, படிப்பவர்களை உண்மையிலேயே குழப்பும் இடம். சராசரி சரியாக 200 வரும் மூன்றாவது தராசுக்கு அக்யூரசி உண்டா, இல்லையா? புத்தகத்துக்குப் புத்தகம் விடை மாறும். காரணம், அந்தச் சொல்லுக்கு இரண்டு வரையறைகள் புழக்கத்தில் உள்ளன.

பழைய வழக்கில் அக்யூரசி என்றால் சாய்வின்மை மட்டும். அதன்படி மூன்றாவது தராசுக்கு அக்யூரசி உண்டு, பிரிசிஷன் இல்லை. 1994-இல் வந்த ஐஎஸ்ஓ 5725 தரநெறி இதை மாற்றியது. சராசரி உண்மைக்கு அருகில் இருப்பதற்கு அது ட்ரூனெஸ் என்று தனிப் பெயர் கொடுத்தது. ட்ரூனெஸும் பிரிசிஷனும் சேர்ந்து இருந்தால்தான் அக்யூரசி என்றது. இந்த வரையறையில் மூன்றாவது தராசுக்கு ட்ரூனெஸ் உண்டு, அக்யூரசி இல்லை. 192 என்று காட்டிய ஒற்றை அளவீட்டை நம்பி ஒருவர் மருந்தைக் கலக்கினால், சராசரி சரியாக இருந்து அவருக்கு என்ன பயன்? அந்தக் காரணத்துக்காகவே புதிய வரையறை மேலானது என்பது எங்கள் கருத்து. ஆனால் தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கள் பாடநூல் எந்த வரையறையை எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுவதே பாதுகாப்பு.

பிரிசிஷனுக்குள்ளும் இரண்டு படி உண்டு. அதே ஆள், அதே கருவி, அதே இடம், சற்று நேரத்துக்குள் திரும்ப அளந்தால் வரும் நெருக்கம் ஒன்று. ஆளையும் கருவியையும் ஆய்வகத்தையும் மாற்றிய பிறகும் வரும் நெருக்கம் இன்னொன்று. இரண்டாவதில் சிதறல் பொதுவாக அதிகமாகவே இருக்கும். ஒரு கருவியின் விளம்பரத்தில் பிரிசிஷன் அருமையாகத் தெரிந்தால், அது இந்த இரண்டில் எது என்று கேளுங்கள்.

<b>புள்ளிக்குப் பின்னால் வரும் எண்கள்</b>

பிரிசிஷனுக்கு இன்னொரு பயன்பாடும் உண்டு: ஒரு எண்ணை எத்தனை இலக்கம் வரை சொல்கிறோம் என்பது. பை-யின் மதிப்பு 3.141592 என்று தொடங்குகிறது. 3.14 என்று எழுதினால் பிரிசிஷன் குறைவு, ஆனால் பொய் இல்லை. 22-ஐ 7-ஆல் வகுத்து 3.142857 என்று எழுதினால் பார்வைக்குக் கனமாக இருக்கும்; ஆனால் மூன்றாவது தசம இடத்திலிருந்தே தவறு. மீதி இலக்கங்கள் வெறும் அலங்காரம்.

உடல் வெப்பநிலை 98.6 பாரன்ஹீட் என்பதும் இப்படி வந்ததே. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிஷ் 37 செல்சியஸ் என்ற முழு எண்ணைச் சொன்னார். 36.5 முதல் 37.5 வரை எதுவும் 37 என்று முழுமையாகலாம். பாரன்ஹீட்டில் அது 97.7 முதல் 99.5 வரை. அலகை மாற்றும்போது 98.6 என்று ஒரு தசம இலக்கம் ஒட்டிக்கொண்டது. அளந்த நுட்பம் கூடவில்லை, எழுதிய நுட்பம் மட்டும் கூடியது. 98.4 வந்தால் ‘குறைந்துவிட்டதே’ என்று கவலைப்படுபவர்கள் அந்த ஒட்டுண்ணி இலக்கத்தைத்தான் நம்புகிறார்கள்.

கைப்பேசி காட்டும் இருப்பிட எண்களும் அப்படியே. அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். எனவே ஐந்தாவது தசம இடம் சுமார் 1.1 மீட்டர், ஏழாவது இடம் சுமார் 1.1 சென்டிமீட்டர். திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைப்பேசியின் ஜிபிஎஸ் 5 மீட்டர் அளவுக்குத்தான் சரியாகச் சொல்லும். ஏழு இலக்கத்தைப் பார்த்து நிலத்தின் எல்லைக்கல்லை நடக் கூடாது.

மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரின் கையேட்டில் இந்த வேறுபாட்டை எண்ணாகவே எழுதியிருப்பார்கள். ±(0.5% + 2) என்று இருந்தால், காட்டும் மதிப்பில் அரை சதவீதத்துடன் கடைசி இலக்கத்தில் இரண்டு எண் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரையில் 12.00 வோல்ட் என்றால் 0.06-உம் 0.02-உம் சேர்ந்து ±0.08. உண்மை மின்னழுத்தம் 11.92-க்கும் 12.08-க்கும் இடையே எங்கேயும் இருக்கலாம். திரையில் தெரியும் மிகச் சிறிய படிக்கு ரெசல்யூஷன் என்று தனிப் பெயர். அது அக்யூரசியும் அல்ல, பிரிசிஷனும் அல்ல. ஆனால் வாங்குபவர்கள் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள்.

வீட்டில் வைத்திருக்கும் ரத்தச் சர்க்கரை மீட்டருக்கான ஐஎஸ்ஓ 15197 தரநெறி (2013), டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் 95 சதவீத அளவீடுகள் ±15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. 100-க்குக் கீழே ±15 மில்லிகிராம். உண்மை 200 என்றால் 170 முதல் 230 வரை அனுமதி. அடுத்தடுத்து 188, 203 என்று வந்தால் மீட்டர் பழுது என்று தூக்கி எறிய வேண்டாம், அது சிதறல். விரலில் இனிப்பு ஒட்டியிருக்கும்போது அளந்தால் மூன்று முறையும் கூடுதலாகவே வரும், அது சாய்வு. மூன்று எண்களும் ஒத்துப்போகின்றன என்பதாலேயே அதை நம்பிவிடும் ஆபத்து உண்டு. கையைக் கழுவித் துடைத்துவிட்டு அளப்பதுதான் ஒரே வழி.

<b>வெளிச் சான்றை வீட்டிலேயே பெறுவது</b>

வெப்பமானிக்கு இயற்கையே ஒரு சான்று வைத்திருக்கிறது. பொடித்த பனிக்கட்டியை ஒரு குவளை நிறையப் போட்டு, இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் கிளறி, மூன்று நிமிடம் விட்டு முனையை நடுவில் வையுங்கள். 0 செல்சியஸ் காட்ட வேண்டும். தண்ணீர் அதிகமாகி மேலே நாலு கட்டி மட்டும் மிதந்தால் அடியில் 4 செல்சியஸ் வரை இருக்கலாம். அப்போது வெப்பமானியின் மேல் பழி போடுவது நியாயமல்ல. முனை குவளையின் சுவரைத் தொட்டாலும் தவறும். இன்னொரு முனைக்குக் கொதிநீர்: கடல்மட்டத்தில் 100 செல்சியஸ், ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஒரு பாகை குறையும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை இரண்டிலும் வைக்காதீர்கள்; அதன் எல்லைக்கு இவை வெளியே.

தராசுக்கு எடைக்கல் வேண்டும். சான்று என்பது சோதிக்கப்படும் கருவியைவிடக் குறைந்தது நான்கு மடங்கு நம்பகமாக இருக்க வேண்டும் என்பது அளவையியலில் வழக்கமான விதி. எம்1 என்ற தர வகுப்பைச் சேர்ந்த 200 கிராம் எடைக்கல்லில் அனுமதிக்கப்பட்ட பிழை 10 மில்லிகிராம். 0.1 கிராம் படியில் காட்டும் தராசுக்கு அது தாராளம். 1 மில்லிகிராம் காட்டும் ஆய்வகத் தராசுக்கு உதவாது. அளவுக் குவளையில் 100 மில்லி தண்ணீர் எடுத்து 100 கிராம் என்று சோதிப்பது பரவலான பழக்கம். குவளையின் கோடு எவ்வளவு சரி என்று தெரியாமல் தராசைக் குறை சொன்னால், தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றால் அளக்கிறோம்.

<b>ஆங்கில வாக்கியத்தில் எது எங்கே</b>

இரு சொற்களின் லத்தீன் வேர்களே வேறுபாட்டைச் சொல்கின்றன. அக்யூரேட் ‘கவனம் எடுத்துச் செய்தது’ என்ற வேரிலிருந்து வந்தது. பிரிசைஸ் ‘வெட்டிச் செதுக்கியது’ என்ற வேரிலிருந்து. கவனமாகச் செய்தது உண்மைக்கு ஒத்துப்போகும். வெட்டிச் செதுக்கியதன் ஓரம் கூர்மையாக இருக்கும்.

ஆகவே செய்தி, மொழிபெயர்ப்பு, விவரிப்பு, முன்கணிப்பு ஆகியவை உண்மையோடு ஒத்துப்போனால் அக்யூரேட். கட்டளை, வரையறை, நேரம், சொல்தேர்வு ஆகியவை மங்கலில்லாமல் இருந்தால் பிரிசைஸ். ‘அந்தக் கணத்தில்தான்’ என்பதற்கு ‘அட் தட் பிரிசைஸ் மொமென்ட்’ என்பார்கள். அங்கே அக்யூரேட் பொருந்தாது. ‘இன்னும் குறிப்பாகச் சொன்னால்’ என்பதற்கு ‘டு பி பிரிசைஸ்’. நுண்கருவிகளை ‘பிரிசிஷன் டூல்ஸ்’ என்பது வழக்கு. ‘அக்யூரசி டூல்ஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. ஒரு சாட்சி ‘ஏழு மணி வாக்கில் பார்த்தேன்’ என்கிறார், உண்மை 7.10. அவர் சொன்னது அக்யூரேட், பிரிசைஸ் அல்ல. இன்னொருவர் ‘8.42-க்குப் பார்த்தேன்’ என்கிறார். அது பிரிசைஸ், ஆனால் அக்யூரேட் அல்ல. எண் நுணுக்கமாக இருப்பதாலேயே கேட்பவர் இரண்டாமவரை நம்பிவிடக்கூடும்.

தமிழில் எழுதும்போது ‘துல்லியமான செய்தி’ என்றால் முதல் பொருள்; ‘துல்லிய வேளாண்மை’ என்றால் இரண்டாவது. இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் ஒன்றுக்குச் சரித்தன்மை, மற்றதற்கு நுட்பம் என்று பிரித்து எழுதிவிடுங்கள். துல்லியம் என்ற சொல்லை அந்தப் பத்தியில் தவிர்ப்பதே நல்லது.

இயந்திரக் கற்றல் படிப்பவர்கள் மட்டும் மேலே சொன்னதை அப்படியே அங்கே எடுத்துச் செல்லக் கூடாது. அந்தத் துறையில் இதே சொற்களுக்கு வேறு வரையறை. 1000 மின்னஞ்சல்களில் 20 குப்பை அஞ்சல்கள். ஒரு மென்பொருள் 16-ஐக் குப்பை என்று பிடிக்கிறது. அதில் 12 உண்மையிலேயே குப்பை, 4 நல்லவை. தப்பிய குப்பை 8. மொத்தத்தில் சரியாக வகைப்படுத்தியவை 988 என்பதால் அக்யூரசி 98.8 சதவீதம். பிடித்தவற்றில் சரியானவை எத்தனை என்பதே பிரிசிஷன்: 16-க்கு 12, அதாவது 75 சதவீதம். சிதறலுக்கு இங்கே இடமே இல்லை. இருந்த 20 குப்பையில் எத்தனை பிடிபட்டன என்பதற்கு ரீகால் என்று பெயர், 60 சதவீதம். எதையுமே பிடிக்காமல் ‘எல்லாம் நல்ல அஞ்சல்’ என்று சொல்லும் மென்பொருளுக்கும் அக்யூரசி 98 சதவீதம் வந்துவிடும். தேடுவது அரிதாக இருக்கும் வேலைகளில் அக்யூரசியை மட்டும் காட்டுபவரிடம் மற்ற இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள்.